திருநாட்காலத்தில் கனக்கும் மனம்

கார்த்திகை விளக்கீட்டுக்கும் தைப்பொங்கலுக்கும் இடைப்பட்ட நாட்கள் புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களுக்கு ஓய்வற்ற நாட்களாகும். பிள்ளையார் கதை, நத்தார், ஆங்கிலப் புத்தாண்டு, திருவெம்பாவை, பொங்கல் என ஒன்றன்பின் ஒன்றாகத் திருநாட்கள் வருகின்றன. கடைத்தெருக்களில் மின்விளக்குகள் ஒளிர்கின்றன. வேலைத்தளங்களில் வாழ்த்து மடல்கள் கைமாறுகின்றன. மண்டபங்களில் ஒன்றுகூடல்கள் நடைபெறுகின்றன. ஆயினும் இதே காலத்தில்தான் நம்மவர் வீடுகள் பலவற்றில் தாய் ஒருவர் சமையலறையில் தனித்து நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். தந்தை ஒருவர் காரணமின்றிச் சினந்து விழுகிறார். முதியவர் ஒருவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறார்.

‘நல்ல நாளும் பெருநாளுமாக ஏன் இந்த முகம்?’ என்று கேட்பவரும் உளர். அவ்வாறு கேட்கப்படுபவருக்கு மறுமொழி தெரிவதில்லை. தெரிந்தாலும் சொல்ல முடிவதில்லை. எனவே இவ்வாரம் திருநாட்காலத் துயர் பற்றியும், அதன் காரணங்கள் பற்றியும், அதனைத் தாங்கிக்கொள்ளும் வழிகள் பற்றியும் நோக்குவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடலாம். திருநாளன்று மனம் கனப்பது நோயன்று, நன்றிகெட்டதனமுமன்று. உயிரையும் உறவையும் ஊரையும் இழந்து வந்த ஒருவருக்கு அது இயல்பான உணர்வு. ஆனால் கவனியாது விடப்படும் இயல்பான உணர்வு, காலப்போக்கில் மனச்சோர்வு என்னும் நோயாக மாறவும் கூடும். இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாட்டை அறிந்திருத்தல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியமாகும்.

நினைவு ஏன் திருநாளில் விழிக்கிறது?

மனித மனம் நினைவுகளை ஆண்டு வரிசைப்படி அடுக்கி வைப்பதில்லை. மணம், சுவை, ஓசை, பருவம் ஆகியவற்றோடு பின்னி வைத்திருக்கிறது. வறுத்த பயறும் ஏலமும் சர்க்கரையும் சேர்ந்து எழுப்பும் மணம், ஒரு நொடியில் ஒருவரை முற்றத்துக் கோலத்தின் முன்னும் மூன்று கல் அடுப்பின் முன்னும் கொண்டுபோய் நிறுத்திவிடும். அங்கே பானைக்கு அருகில் அன்று நின்றவர்கள் இன்று எங்கே என்னும் கேள்வி அதன் பின்னே தானாக எழுகிறது. திரும்பிப் பார்த்தால் இருப்பதோ தொடர்மாடி வீடு, மின்னடுப்பு, பொங்கற் புகைக்கு அலறும் எச்சரிக்கைக் கருவி.

நமது திருநாட்காலத்தோடு துயர நாட்களும் கலந்தே கிடக்கின்றன. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் மக்கள் மழையிலும் சேற்றிலும் தென்மராட்சி நோக்கி நடந்த இரவை, அதில் நடந்தவர்கள் ஒவ்வொரு மாரியிலும் மீண்டும் நடக்கின்றனர். நவம்பர் 27 போரில் வீழ்ந்தோரை நினைவுகூரும் நாள். 2004 டிசம்பர் 26ஆம் நாள், நத்தாரின் மறுநாட் காலை, கடல் எழுந்து முல்லைத்தீவு முதல் அம்பாறை வரையிலான கரையோரத்தை வாரிச் சென்றது. 2005இல் மட்டக்களப்புப் புனித மரியாள் பேராலயத்தில், நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றை நேரிற் கண்டவர்களுக்கு டிசம்பர் மாதம் வெறும் விடுமுறை மாதமாக ஒருபோதும் இருக்க முடியாது.

ஓர் இழப்பு நேர்ந்த நாள் நெருங்கும்போது உறக்கம் குலைதல், பதகளிப்பு, தலையிடி, நெஞ்சு நோ, நாரி உளைவு, காரணமறியாச் சினம் ஆகியவை தோன்றுவதை உளநல மருத்துவம் நன்கறியும். பாதிக்கப்பட்டவர் அந்த நாளை நினைத்திராவிட்டாலும் உடல் அதனை நினைவில் வைத்திருக்கும். எம்மவர் பெரும்பாலும் மனத்துயரை உடல்நோவாகவே உணர்கின்றனர். உடல்நோவாகவே மருத்துவரிடம் சொல்கின்றனர். ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில் மட்டும் வந்து தையில் விலகும் நெஞ்சு நோவை முதலில் மருத்துவரிடம் காட்டி, இதயத்தில் கோளாறில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதன் பின்னர் மனத்தையும் சற்றுக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதனோடு இன்னொரு பாரமும் உண்டு. ‘நான் இங்கே வெப்பமூட்டிய வீட்டில் இருந்து உண்கிறேன், அவர்கள் அங்கே எப்படியோ’ என்னும் குற்றவுணர்வு அது. தப்பி வந்தவர் எவரையும் அது விட்டுவைப்பதில்லை. ஒரு வாய் பொங்கலை மகிழ்ந்து உண்பதும் மாண்டவர்க்குச் செய்யும் துரோகமெனச் சிலர் எண்ணுகின்றனர். ஆனால் நாம் பட்டினி கிடப்பதனால் போனவர் எவரும் திரும்பி வருவதில்லை. நமது பிள்ளைகளின் திருநாள்தான் வீணே இருண்டுபோகிறது.

ஒளி குறைந்த மாதங்கள்

திருநாட்காலத் துயர் முழுவதையும் நினைவின் தலையில் ஏற்றிவிடுதலும் தவறாகும். வானமும் இதற்கு ஒரு காரணம்.

டிசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய நாளிலும் யாழ்ப்பாணத்தில் பதினொன்றரை மணிநேரப் பகல் உண்டு. அதே நாளில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 9 மணிநேரமும், இலண்டனில் 8 மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், ஒஸ்லோவில் ஏறத்தாழ 6 மணிநேரமுமே பகல் நீடிக்கிறது. நோர்வேயின் வடகோடியில், முன்பு எம்மவர் பலர் மீன் தொழிற்சாலைகளில் உழைத்த ஊர்களில், நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரையிலும் அதற்கு அப்பாலும் கதிரவன் அடிவானத்துக்கு மேல் எழுவதேயில்லை. இருளில் எழுந்து வேலைக்குச் சென்று, இருளில் வீடு திரும்பும் ஒருவர் வாரக்கணக்கில் வெயிலைக் காணாதிருக்க நேர்கிறது.

கண்ணுட் புகும் காலை ஒளியே நமது உடலின் உறக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்துகிறது. அவ்வொளி குறையும்போது சிலருக்கு மிகையான உறக்கம், இனிப்பிலும் மாப்பண்டங்களிலும் அடங்காத நாட்டம், உடற்பாரம், எதிலும் விருப்பமின்மை ஆகியன தோன்றி, இளவேனிலில் தாமாகவே மறைகின்றன. இதனைப் பருவகால மனச்சோர்வு என்பர். அமெரிக்கத் தேசிய உளநல நிறுவனத்தைச் சேர்ந்த நோர்மன் ரோசந்தால் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1984இல் இதனை விரித்தெழுதினர். வெயில் நாட்டிற் பிறந்து வளர்ந்த எம்மவர் பலர் இத்தகைய ஒரு நோய் இருப்பதையே அறியாது, தம்மைச் சோம்பேறிகள் எனத் தாமே பழித்துக்கொள்கின்றனர்.

இதற்குரிய முதன்மையான பரிகாரம் ஒளியே. மேகம் மூடிய குளிர்காலப் பகலிலும் வெளியே உள்ள ஒளி வீட்டு விளக்கின் ஒளியைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகவே மதிய உணவு இடைவேளையில் மேலங்கியும் கையுறையும் அணிந்து அரைமணி நேரம் வெளியே நடத்தல் எளிய மருந்தாகும். அதற்கு வாய்ப்பில்லாதவர்க்கு 10,000 லக்ஸ் ஒளிதரும் சிறப்பு விளக்குகள் கிடைக்கின்றன. எழுந்தவுடன் ஏறத்தாழ அரைமணி நேரம் அதன் முன் அமர்ந்து தேநீர் அருந்தலாம், பத்திரிகை படிக்கலாம். விளக்கை நேராக உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. கண்நோய் உள்ளவர்களும், மிகையெழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோய்க்கு ஆளானவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதனைப் பயன்படுத்தலாகாது.

உயிர்ச்சத்து டி பற்றியும் ஒரு சொல். நமது கருந்தோல் வெயிலிலிருந்து இச்சத்தை ஆக்குவதற்கு வெண்தோலைவிட நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும். இந்நாடுகளின் குளிர்கால வெயிலிலோ அது பெரும்பாலும் உண்டாவதே இல்லை. கனடாவின் சுகாதாரத் துறை வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 600 அலகும், 70 வயதைக் கடந்தோர்க்கு 800 அலகும் பரிந்துரைக்கிறது. இது எலும்புக்கும் தசைக்கும் இன்றியமையாதது. ஆனால் துயரை நீக்கும் மாத்திரை என இதனை எண்ணிவிடலாகாது.

துக்கத்துக்கு முன்னோர் வகுத்த எல்லை

திருநாளும் துக்கமும் மோதிக்கொள்ளும் என்பதை எம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் துடக்குக் காத்தல், 31ஆம் நாள் அந்தியேட்டி, ஓராண்டு நிறைவில் ஆட்டைத் திவசம் எனப் படிப்படியாக வகுத்து வைத்தனர். ஆட்டைத் திவசம் முடியும்வரை அவ்வீட்டில் பொங்கலுமில்லை, தீபாவளியுமில்லை. அயலவர் தம் வீட்டுப் பலகாரத்தைக் கொண்டுவந்து கொடுப்பர். துக்கவீட்டார் சிரிக்கவேண்டும் என எவரும் எதிர்பார்க்கவில்லை. அதேவேளை ஓராண்டு நிறைந்ததும் ‘இனி நீங்களும் பொங்குங்கள்’ என ஊரே சொல்லிற்று. தந்தையை இழந்தோர்க்கு ஆடி அமாவாசையும் தாயை இழந்தோர்க்குச் சித்திரைப் பௌர்ணமியும் கீரிமலையிலும் ஏனைய தீர்த்தக்கரைகளிலும் அழுவதற்கென ஒதுக்கப்பட்ட நாட்களாயின. கத்தோலிக்கர்க்கு நவம்பர் 2ஆம் நாள் மரித்தோர் நினைவு நாளாக அமைந்தது. துக்கத்துக்கு நாளும் இடமும் கொடுத்தமையாலேயே அது மற்றெல்லா நாட்களையும் விழுங்காதிருந்தது.

போர் இந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டது. இறந்த நாள் தெரியாது; உடல் கிடைக்கவில்லை; கொள்ளி வைக்க மகன் நாட்டில் இல்லை; செலவு வீட்டுக்குப் போக விசாவும் இல்லை. தொலைபேசியில் செய்தி கேட்டு, மறுநாள் காலை தொழிற்சாலைக்குச் சென்றவர்கள் எத்தனை பேர்! அவ்வாறு அழாது விடப்பட்ட அழுகைதான் பல ஆண்டுகளின் பின் நத்தார் இரவிலும் பொங்கற் காலையிலும் வெளிப்படுகிறது.

இத்தகையோர் பிந்தியேனும் தமது துக்கத்துக்கு ஒரு நாளைக் குறித்தல் நன்று. திருநாளுக்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு மாலைப்பொழுதைத் தெரிந்தெடுங்கள். படத்தை எடுத்து வையுங்கள், விளக்கேற்றுங்கள், அவருக்கு விருப்பமான கறியைச் சமைத்துப் படையுங்கள், அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். அவருக்குரிய நாளை அவருக்குக் கொடுத்த பின்னர், பொங்கல் நாளைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது எளிதாகும்.

காணாமற்போனோரின் குடும்பங்கள்

யாவற்றிலும் கடினமானது காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் நிலை. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது கையளிக்கப்பட்டவர்களைப் பற்றி உறவினர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கின்றனர். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தாய்மார் தொடங்கிய வீதியோரப் போராட்டத்தில் அமர்ந்திருந்த சிலர் பதிலறியாமலே கண்மூடினர். அத்தகைய குடும்பங்களின் உறுப்பினர்கள் எம்மிடையே ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். அவர்கள் திவசம் செய்ய முடியாது. செய்தால் கைவிட்டதாக ஆகிவிடும். பொட்டை அழிக்கவும் முடியாது, வைக்கவும் மனமில்லை. திருநாளுக்கு எத்தனை பேருக்கு உலை வைப்பது என்பதே அவர்களுக்கு ஒரு வேதனை.

அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், வியட்நாம் போரிற் காணாமற்போன படைவீரரின் குடும்பங்களை 1970களில் ஆராயத் தொடங்கி, இந்நிலைக்குத் ‘தெளிவற்ற இழப்பு’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1999இல் இதனை ஒரு நூலாகவும் எழுதினார். அவர் கூறும் கருத்து எமக்கு மிகவும் பயனுடையது: இங்கே நோய் குடும்பத்தவரின் மனத்தில் இல்லை, நிலைமையே நோயுற்றிருக்கிறது. ஆகவே ‘இறந்துவிட்டார் என ஏற்றுக்கொள்’ என்று அவர்களை வற்புறுத்தலாகாது. ‘நிச்சயம் வருவார்’ என்று பொய்யுறுதி கூறுதலும் ஆகாது. ‘அவர் இருக்கவும் கூடும், இல்லாதிருக்கவும் கூடும், இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டே நான் இன்று வாழ வேண்டும்’ என்னும் நிலைக்கு மெல்ல வருவதே தாங்கும் வழி. திவச விளக்காகவுமன்றி, வேண்டுதல் விளக்காகவுமன்றி, அவர் பெயரால் வெறுமனே ஒரு விளக்கைத் திருநாளன்று ஏற்றி வைக்கலாம். அதற்குப் பொருள் கேட்கவேண்டியதில்லை. நத்தார் மேசையிலோ பொங்கற் பந்தியிலோ அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லலாம். சொல்லாது மறைக்கப்படும் பெயரே வீட்டில் அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது.

இவ்வாறான குடும்பத்துக்கு அயலவராயிருப்போர் ஆறுதல் மொழிகளைத் தேடி அலைய வேண்டாம். ‘காலம் ஆற்றும்’, ‘எல்லாம் விதி’ என்னும் வார்த்தைகள் அவர்களைத் தனிமைப்படுத்தவே செய்யும். ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலுடன் கதவைத் தட்டி, ‘அக்கா, பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போகவா?’ எனக் கேட்டால் அதுவே போதும்.

ஒரே கூரையின் கீழ் வெவ்வேறு துயர்

ஒரு வீட்டில் நால்வர் இருந்தால் திருநாட்காலம் நால்வரையும் நான்கு விதமாகத் தொடுகிறது.

குடும்பத் தலைவருக்குப் பணக் கவலை. ஊரில் பள்ளித் தவணை தொடக்கம், பொங்கல் உடுப்பு, கோயிற் திருப்பணி எனக் கோரிக்கைகள் இம்மாதங்களிற் குவியும். 2022இல் இலங்கையின் பொருளாதாரம் வீழ்ந்து ரூபாவின் பெறுமதி சரிந்த பின்னர் இக்கோரிக்கைகள் பல வீடுகளில் இரட்டித்தன. அவர் மறுக்கவும் மாட்டார். இல்லையென்று சொல்லவும் மாட்டார். கடனட்டையில் எடுத்து அனுப்பிவிட்டு, வீட்டாரிடம் எரிந்து விழுவார். அல்லது மதுவில் ஆறுதல் தேடுவார்.

குடும்பத் தலைவிக்கு வேலை. வெளிவேலை முடித்து வந்து பலகாரம் சுடுதலும், விருந்தினரை உபசரித்தலும், எல்லோர் மனத்தையும் சமநிலையில் வைத்திருத்தலும் அவர் பொறுப்பாகிவிடுகின்றன. அவருடைய மனத்தைக் கேட்பார் எவருமில்லை.

முதியோருக்குத் தனிமை. ஊரில் திருவெம்பாவை நாட்களில் அதிகாலைச் சங்கும் சேமக்கலமும் கேட்டு எழுந்தவர்கள், இங்கு உறைபனிக்கு அஞ்சிப் பத்தாம் மாடியில் அடைபட்டுக் கிடக்கின்றனர். மொழி தெரியாது, பேருந்து தெரியாது, பேரப்பிள்ளைகளின் பேச்சும் பாதி விளங்காது.

பிள்ளைகளுக்கோ குழப்பம். பாடசாலையில் எல்லோரும் மகிழ்ந்திருக்க, வீட்டில் ஏன் இந்த மௌனம் என அவர்களுக்குப் புரிவதில்லை. தாம் ஏதோ பிழை செய்துவிட்டோம் என்றே சிறுவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கொள்கின்றனர். ‘அம்மாவுக்குத் தன் தம்பியின் நினைவு வந்துவிட்டது, அதனால் மனம் நோகிறது, உன்மேல் கோபமில்லை’ என்று ஒரு வசனம் சொன்னால் பிள்ளையின் பாரம் அக்கணமே இறங்கிவிடும். போரின் கொடிய விபரங்களைச் சிறுவர்க்குக் கூறவேண்டியதில்லை. துயருக்கு ஒரு காரணம் உண்டு என்பதையும், அக்காரணம் தாமல்ல என்பதையும் அவர்கள் அறிந்தாற் போதும்.

எனவே திருநாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகக் குடும்பமாக ஒருமுறை அமர்ந்து பேசுங்கள். இவ்வாண்டு எதைச் செய்வது, எதை விடுவது, ஊருக்கு எவ்வளவு அனுப்ப இயலும், யார் எந்த வேலையைப் பொறுப்பேற்பது என்பனவற்றை முடிவு செய்யுங்கள். ஊருக்கு அனுப்பும் தொகையை ஒருமுறை தீர்மானித்துவிட்டால், ‘இவ்வளவுதான் எங்களால் இயலும்’ என்று உண்மையைச் சொல்வது எளிதாகிறது. ஐந்து பலகாரம் சுட்ட வீட்டில் இவ்வாண்டு ஒன்றைச் சுட்டாலும் அது திருநாளே. பொங்கல் வேலைநாளில் வந்தால் காலையில் விளக்கேற்றி வணங்கிவிட்டு, வார இறுதியிற் பொங்கலாம். கதிரவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

தன்னைப் பேணும் வழிகள்

தன்னைப் பேணுதல் தன்னலமன்று. குடும்பத்தைத் தாங்குபவர் சரிந்தால் குடும்பமே சரியும். பின்வருவன எளியவை, ஆயினும் தொடர்ந்து செய்தால் பயன் தருபவை.

உறக்கம்: விடுமுறையாயினும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உறங்கி ஒரே நேரத்தில் எழுங்கள். ஊரோடு பேசுவதற்காக நள்ளிரவு கடந்தும் விழித்திருப்பதைத் தவிர்த்து, அவர்களுக்கும் எமக்கும் வசதியான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் வரும் போர்க்காலப் படங்களையும் காணொளிகளையும் படுக்கையிற் கிடந்து பார்த்தல் நித்திரையைக் கெடுக்கும். நினைவுகூரலுக்கு ஒரு நேரம் இருக்கட்டும். அது உறங்கும் நேரமாக வேண்டாம்.

மது: மது முதல் ஒரு மணிநேரம் மனத்தைத் தளர்த்துவதுபோல் தோன்றும். பின்னர் சோர்வை மிகுவிக்கும். நள்ளிரவில் உறக்கத்தைக் கலைக்கும். அடக்கி வைத்த சினத்தை அவிழ்த்துவிடும். திருநாள் இரவுகளில் எமது வீடுகளில் நிகழும் சண்டைகள் பலவற்றின் பின்னே போத்தல் நிற்பதை மறுப்பதற்கில்லை. விருந்தளிப்போர் மது வேண்டாமென்பவரை மீண்டும் மீண்டும் வற்புறுத்தும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

மூச்சும் செபமும்: நெஞ்சு படபடக்கும்போது நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளிவிடுங்கள். ஐந்து நிமிடம் இவ்வாறு செய்தால் உடல் அமைதியடையும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம், சாந்தி ஆசனம், மந்திரம் உருப்போடுதல், செபமாலை போன்ற மரபுவழிப் பயிற்சிகள் மனவடுவுக்கு ஆளானோரின் பதகளிப்பைத் தணிக்க உதவுவதை எடுத்துரைத்தவர். எமது பாட்டிமார் விடியற்காலையில் முணுமுணுத்த பஞ்சாட்சரமும் செபமாலையும் மருந்தாகவும் விளங்கின என்பதை இன்று அறிகிறோம்.

வெடியோசை: ஆங்கிலப் புத்தாண்டு இரவில், சிறப்பாக ஜேர்மனி, நோர்வே போன்ற நாடுகளில், நகரமே வெடியால் அதிரும். எறிகணைக்குள் வாழ்ந்தவர்களுக்கு அது பதுங்குகுழி நாட்களைக் கண்முன் நிறுத்தும். இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. முன்கூட்டியே திட்டமிடுங்கள். அன்றிரவு தனித்திராதீர்கள், சாளரங்களை மூடிப் பாட்டோ தொலைக்காட்சியோ ஒலிக்க விடுங்கள். நடுக்கம் வந்தால் கால்களைத் தரையில் அழுத்தி, ‘இது இன்ன நகரம், இன்ன ஆண்டு, இது கொண்டாட்ட வெடி’ என வாய்விட்டுச் சொல்லுங்கள்.

செயல்: மனம் விரும்பிய பின்னர் செயலில் இறங்குவோம் எனக் காத்திருந்தால் சோர்வு எம்மை விடாது. சிறிய செயலொன்றைத் தொடங்கினால் விருப்பம் பின்னே வரும். நாளுக்கு ஒன்று போதும்: ஒருவருக்குத் தொலைபேசி அழைப்பு, ஒரு நடை, ஒரு பூச்சாடிக்குத் தண்ணீர். தனித்து வாழும் இளைஞர்கள் திருநாளன்று கூடுதல் வேலை நேரம் கேட்டு வாங்கித் தம்மை மறைத்துக்கொள்வதுண்டு. ஒருவேளை உணவையேனும் பிறரோடு உண்ணுங்கள். அழைப்பு வராவிடின் நீங்களே அழையுங்கள். உங்களைப் போன்றே காத்திருப்பவர் அடுத்த மாடியிலும் இருக்கக்கூடும்.

மருத்துவரை நாடவேண்டிய வேளை

திருநாள் கடந்ததும் மெல்ல விலகும் துயர் வேறு. மனச்சோர்வு நோய் வேறு. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதியில், இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் தாழ்ந்திருத்தல், முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை, பசியிலும் உறக்கத்திலும் பெருமாற்றம், கவனம் நிலையாமை, தான் பயனற்றவர் என்னும் எண்ணம் ஆகியன தொடர்ந்தால் குடும்ப மருத்துவரிடம் செல்லுங்கள். மனச்சோர்வு குணப்படுத்தக்கூடியது. உளவளத்துணையும் மருந்தும் அதற்கு உண்டு. மருந்துகள் பயன்தரச் சில வாரங்கள் ஆகலாம். இடையில் தாமாக நிறுத்தலாகாது. மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். பெற்ற பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லாதீர்கள். தாயின் துயரைப் பிள்ளை வாயால் சொல்லவைப்பது இருவருக்கும் கொடுமை. தாதியரும் மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். ஊருக்குள் கதை பரவிவிடும் என அஞ்ச வேண்டியதில்லை.

‘வாழ்ந்து என்ன பயன்’, ‘நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி’ என ஒருவர் கூறினால், அல்லது தமது பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு விடைபெறுவதுபோற் பேசினால், அதனை வெறும் பேச்சென விட்டுவிடாதீர்கள். ‘சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது; பெரும்பாலும் கேட்கப்பட்டவர்க்கு அது ஆறுதலையே தரும். அவரைத் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் ஆபத்தான பொருட்களையும் அப்புறப்படுத்துங்கள், உதவியை அழையுங்கள். நத்தார் காலத்திலேயே தற்கொலைகள் அதிகம் என்னும் பரவலான நம்பிக்கை சரியானதன்று. வடபுல நாடுகளில் அவை இளவேனிலிலும் கோடையின் தொடக்கத்திலுமே கூடுதலாக நிகழ்கின்றன. ஆகவே பனி உருகியதும் கவனத்தைத் தளர்த்திவிடலாகாது.

கனடாவில் 988 என்னும் இலக்கம் 2023 நவம்பர் முதல் இரவுபகலாக இயங்குகிறது. ஐக்கிய இராச்சியத்தில் 116 123, பிரான்சில் 3114, சுவிற்சர்லாந்தில் 143, ஜேர்மனியில் 0800 111 0 111, நோர்வேயில் 116 123 ஆகிய இலக்கங்கள் உண்டு. ஒன்ராறியோவில் 211ஐ அழைத்தால் தமிழில் சேவை தரும் நிலையங்களைக் கேட்டறியலாம். உயிருக்கு உடனடி ஆபத்தெனில் அவ்வந்நாட்டின் அவசர இலக்கத்தையே அழையுங்கள். இவ்விலக்கங்களை வெட்டியெடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தல் நலம்.

வாசகர்களே, திருநாள் என்பது துயரற்றோர்க்கு மட்டும் உரியதன்று. பொங்கற் பானை நீரில் கண்ணீர்த்துளி ஒன்று கலந்துவிட்டால் அது பொங்காமல் விடுவதில்லை. இவ்வாண்டு உங்கள் அழைப்புப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சென்ற ஆண்டு வராதவர் யார்? வந்தும் வாய்திறவாது மூலையில் அமர்ந்திருந்தவர் யார்? அவர்களுக்கு இன்று மாலையே தொலைபேசி எடுங்கள்.

அடுத்த வாரம் முதியோரின் உறக்கமின்மை பற்றி நோக்குவோம்.